சுரங்கத்தில் அபாய மணி அடித்தும் ஆட்கள் வெளியே வராதது ஏன்? எச்சரிக்கை அமைப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1972 மே 2. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் கெல்லாக் ஊருக்கு அருகிலுள்ள சன்ஷைன் வெள்ளிச் சுரங்கம். முற்பகல் 11.35 மணிவாக்கில் நிலத்தடியில் இருந்த சிலருக்குப் புகை வாசனை தெரிந்தது. எச்சரிக்கை செய்ய அந்தச் சுரங்கத்தில் வழி இருந்தது. துளைக் கருவிகளை இயக்கும் அழுத்தக் காற்றுக் குழாயில் ஒரு கெட்ட நாற்றத்தைச் செலுத்தினால் போதும், அது குழாய் போகும் இடமெல்லாம் போய்ச்சேரும். அந்த நாற்றம் வந்தால் எல்லாரும் கையில் உள்ளதைப் போட்டுவிட்டு வெளியேற வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் புகை எங்கிருந்து வருகிறது என்று தேடுவதிலேயே நேரம் போனது. நாற்றத்தைச் செலுத்தும்படி உத்தரவு வந்தபோது 12 மணி தாண்டிவிட்டது. அன்று உள்ளே இருந்த 173 பேரில் 91 பேர் கார்பன் மோனாக்சைடுக்குப் பலியானார்கள். ஆட்களை மேலே கொண்டுவரும் கூண்டை ஏற்றி இறக்கும் எந்திரத்தை இயக்கிக்கொண்டிருந்தவரும் தன் இடத்திலேயே இறந்தார்; அதன்பின் அந்த வழியாக யாரையும் மேலே கொண்டுவர முடியவில்லை. பல நாள் தேடலில் இரண்டே இரண்டு பேர் உயிரோடு கிடைத்தார்கள்.

சுரங்க விபத்துகளைப் பற்றிய விசாரணை அறிக்கைகளைப் படிக்கும்போது மனத்தை அறுப்பது இதுதான். கருவி இல்லாததால் நடந்தவை சில. கருவி இருந்தும், அது தன் வேலையைச் செய்தும், அதற்கடுத்த படியில் மனிதர்கள் தவறவிட்டவை அதைவிட அதிகம். சென்சார் ஒன்றை உணர்வதில் தொடங்கி, மிகக் கடைசி முகப்பில், அதாவது பாறையை வெட்டும் இடத்தில், துளை போட்டுக்கொண்டிருக்கும் தொழிலாளி வாசலை நோக்கி நடக்க ஆரம்பிப்பது வரை உள்ள அத்தனையும் சேர்ந்ததுதான் எச்சரிக்கை அமைப்பு. நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மீதி அனைத்தும் வீண்.

“முதலில் பார்த்துவிட்டு வருவோம்”

தவறுகளில் தலையாயது இது. மணி அடித்ததும், உண்மையா என்று பார்த்துவர ஒருவரை அனுப்புவது. அவர் வந்து சொன்ன பிறகு மற்றவர்களுக்குச் சொல்வது. மேலே இருப்பவருக்கு இது நிதானமான முடிவாகத் தோன்றும். ஷிஃப்ட்டை நிறுத்தினால் உற்பத்தி போகும், பொய் எச்சரிக்கையாக இருந்தால் பேச்சு கேட்க வேண்டும் என்ற பயமும் உள்ளே ஓடும். ஆனால் நிலத்தடியில் காற்று ஒரே பாதையில் ஓடுகிறது. தீ எங்கே என்று ஒருவர் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில், அதன் புகை காற்றோட்டத்தோடு சேர்ந்து ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. அது தலைவலியாகத் தெரியும்போதே கால் தளர ஆரம்பித்திருக்கும்.

சரியான முறை தலைகீழானது. ஆட்களை நகர்த்தும் உத்தரவு முதலில். காரணம் தேடுவது பிறகு. யாரைக் கேட்டு உத்தரவு போடுவது என்ற கேள்வியே அந்த நிமிடத்தில் எழக் கூடாது. கன்ட்ரோல் ரூமில் இரவு ஷிஃப்ட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு, மேலாளரைத் தொலைபேசியில் பிடிக்காமலேயே வெளியேற்றச் சொல்லும் அதிகாரம் எழுத்தில் இருக்க வேண்டும். பொய் எச்சரிக்கைக்கு ஆட்களை வெளியேற்றியதற்காக அவரை ஒருமுறை கடிந்துகொண்டால் போதும், அடுத்த முறை அவர் கட்டாயம் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கான பொறுப்பு கடிந்துகொண்டவருடையது.

மணி கன்ட்ரோல் ரூமோடு நின்றுவிடுவது

2006 ஜனவரி 19 அன்று மேற்கு வர்ஜீனியாவின் அரக்கோமா ஆல்மா நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் அருகே தீப்பிடித்தது. கார்பன் மோனாக்சைடு சென்சார்கள் சரியாகவே உணர்ந்தன. மேலே இருந்த கணினித் திரையில் எச்சரிக்கையும் வந்தது. ஆனால் தீக்கு அப்பால் 12 பேர் வேலை செய்துகொண்டிருந்த பகுதியில், தானாக ஒலிக்க வேண்டிய அலாரம் பொருத்தப்படவே இல்லை. மேலிருந்தும் அவர்களுக்கு உடனே தகவல் போகவில்லை. சொல்லிப் புறப்பட்டபோது தப்பும் வழியிலேயே புகை நிறைந்திருந்தது. அந்த வழியைப் பிரிக்கும் காற்றுத் தடுப்புச் சுவர்களில் சில முன்பே அகற்றப்பட்டிருந்தன. பத்துப் பேர் வெளியே வந்தார்கள். இரண்டு பேர் புகையில் வழி பிரிந்து இறந்தார்கள்.

அமெரிக்க விதிப்படி இத்தகைய அமைப்பில், காற்றின் வழக்கமான அளவைவிட கார்பன் மோனாக்சைடு 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு) கூடினால் முன்னெச்சரிக்கை, 10 பிபிஎம் கூடினால் அபாய எச்சரிக்கை. இவ்வளவு நுட்பமாக அளக்கும் கருவியை வாங்கிவிட்டு, அதன் குரல் ஆள் இருக்கும் இடத்துக்குப் போகாமல் விடுவதில் என்ன பயன்? எந்த அமைப்பைப் பரிசோதித்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “திரையில் சிவப்பு வந்ததா?” என்பதல்ல. “முகப்பில் இருப்பவர் எத்தனை நிமிடத்தில் எழுந்து நடந்தார்?” என்பதே.

பேச்சற்றுப் போவதும் ஓர் எச்சரிக்கை என்பதைக் கன்ட்ரோல் ரூம் ஆட்களுக்குக் கற்றுத்தர வேண்டும். நியூசிலாந்தின் பைக் ரிவர் நிலக்கரிச் சுரங்கத்தில் 2010 நவம்பர் 19 மாலை 3.45 மணிக்கு வெடி நிகழ்ந்தது. மேலே தெரிந்ததெல்லாம் மின்சாரமும் தொடர்பும் ஒருசேரப் போனது மட்டுமே. என்ன கோளாறு என்று பார்த்துவர மின்பணியாளர் ஒருவரை உள்ளே அனுப்பினார்கள். போன வழியில் ஒருவர் தரையில் விழுந்து கிடப்பதையும், காற்றே சரியில்லாததையும் கண்டு அவர் திரும்பியதால் பிழைத்தார். உள்ளிருந்தவர்களில் இருவர்தான் வெளியே வந்தார்கள். 29 பேர் திரும்பவில்லை. பல கருவிகள் ஒரே நொடியில் மௌனமானால் அதை மின்கோளாறு என்று எடுத்துக்கொள்ளாமல், வெடி என்றே எடுத்துக்கொண்டு இயங்க வேண்டும். மின்கோளாறாக இருந்தால் சில மணி நேர உற்பத்திதான் நட்டம்.

அடிக்கடி அடிக்கும் மணியை அடக்கிவைப்பது

டீசல் வண்டியின் புகை, வெடிவைத்த பின் எழும் வாயு, வெல்டிங் ஆகியவை எல்லாம் சென்சாரை எழுப்பும். ஒரே ஷிஃப்ட்டில் பல முறை வெறும் காரணத்துக்கு அடித்தால் யாருக்கும் அதன்மேல் மதிப்பு இருக்காது. அங்கேதான் மூன்று கெட்ட வழக்கங்கள் தலைகாட்டுகின்றன. ஒலியை அணைத்துவிடுவது. எச்சரிக்கை அளவை உயர்த்திவைப்பது. சென்சாரைச் சத்தமில்லாத, நல்ல காற்று வரும் மூலைக்கு நகர்த்துவது. மூன்றாவது மிக நுட்பமான ஏமாற்று; பதிவேட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், அளக்க வேண்டிய காற்றை மட்டும் அது அளக்காது.

இதற்கு மேலும் போனவர்கள் உண்டு. மேற்கு வர்ஜீனியாவின் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கத்தில் 2010 ஏப்ரல் 5 அன்று நடந்த வெடியில் 29 பேர் இறந்தார்கள். அந்தச் சுரங்கத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர், வெட்டும் எந்திரத்தில் இருந்த மீத்தேன் கருவியின் கம்பி இணைப்பை மாற்றி, கருவி இயங்காமலேயே எந்திரத்தை ஓடச் செய்ததைப் பின்னர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அந்தச் செயல்தான் வெடியை உண்டாக்கியது என்று சொல்ல வரவில்லை. மீத்தேன் கூடினால் எந்திரத்தைத் தானாக நிறுத்த வேண்டிய கருவியைத் தடையாக நினைக்கும் மனநிலை ஒரு சுரங்கத்தில் புகுந்துவிட்டால், அங்கே வேறு எந்த அமைப்பும் உண்மையாக வேலை செய்யாது என்பதைத்தான் சொல்கிறேன்.

பைக் ரிவரைப் பற்றி விசாரித்த அரச ஆணையம் கண்டது இன்னும் கசப்பானது. வெடிக்கு முந்தைய 48 நாட்களில் மீத்தேன் வெடிக்கும் அளவை எட்டியதாக 21 பதிவுகள். அதற்குக் கீழே, ஆனாலும் ஆபத்தான அளவில் இருந்ததாக 27 பதிவுகள். கடைசிப் பதிவு வெடி நடந்த அன்று காலையிலேயே எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் கடமை தவறாமல் எழுதிவைத்தார். அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்து, “இனி இறங்க வேண்டாம்” என்று சொல்ல ஒருவர் இல்லை.

மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். இந்திய நிலக்கரிச் சுரங்க விதிகள் அதனால்தான் மிகக் கீழேயே கோடு போடுகின்றன: வேலையிடங்களைச் சுற்றிவிட்டு வெளியே திரும்பிவரும் காற்றில் 0.75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சுரங்கத்தின் எந்த இடத்திலும் 1.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தக் கோட்டுக்கும் வெடிக்கும் அளவுக்கும் இடையில் உள்ள தூரம் ஆட்களை வெளியேற்றுவதற்காகவே விடப்பட்டது. “இன்னும் 5 வரவில்லையே” என்று அந்த இடைவெளியில் வேலை வாங்குவது, ஓடுவதற்கென்று வைத்திருந்த நேரத்தைத் தின்பதாகும்.

பொய் எச்சரிக்கைக்கு நேர்மையான மருந்து ஒன்றே. ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டு எழுதுவது, காரணமான வண்டியையோ காற்றோட்டத்தையோ சரிசெய்வது, டீசல் புகையையும் தீயின் புகையையும் பிரித்தறியும் சென்சாரைப் பொருத்துவது. அளவை மாற்ற வேண்டுமென்றால் அதற்கு ஒருவர் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்க வேண்டும். ஏற்கெனவே ஒலிக்கும் அலாரத்தை யாரும் கேள்வி கேட்காமல் அணைக்க முடிகிற சுரங்கத்தில் நான் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தால், முதல் வேலையாக அந்தப் பொத்தானைப் பூட்டுவேன்.

ஒரே வழியை நம்புவது

நாற்றம், ஒலி, ஒளி, வானொலி எதுவானாலும் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓட்டை உண்டு.

நாற்ற எச்சரிக்கைக்கு உலோகச் சுரங்கங்களில் பெரும்பாலும் எத்தில் மெர்காப்டன் பயன்படுகிறது. வீட்டுச் சமையல் எரிவாயு கசிந்தால் தெரிவதற்காகச் சேர்ப்பதும் இந்த வகைப் பொருள்தான். மின்சாரம் வேண்டாம், கம்பி வேண்டாம், மொழி வேண்டாம். அதனால்தான் இன்றும் அது நீடிக்கிறது. ஆனால் அது காற்றின் வேகத்தில்தான் போகும். அழுத்தக் காற்றுக் குழாயில் செலுத்தினால், கருவி ஓடும் இடத்தில் மட்டுமே காற்று நகரும். வால்வை மூடிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர்களை நாற்றம் எட்டாது. காற்றோட்ட விசிறி வழியாக விட்டால் ஆழமான கடைசிப் பகுதிக்குப் போய்ச்சேர வெகுநேரம் ஆகும். சளி பிடித்தவருக்கு மூக்கு உதவாது. புதிதாகச் சேர்ந்தவருக்கு அந்த நாற்றம் எப்படி இருக்கும் என்று ஒருமுறையாவது காட்டியிருக்க வேண்டும். படித்துத் தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை அது.

சைரன் துளை எந்திரத்துக்குப் பக்கத்தில் கேட்காது. காதில் அடைப்பானும் இருக்கும். சுழல்விளக்கு அடுத்த திருப்பத்துக்கு அப்பால் தெரியாது. கசிவு வடம் என்ற முறையில் நீள ஓடும் வடத்திலிருந்து வானொலி அலை கசிந்து கைக்கருவிகளை எட்டுகிறது. நல்ல ஏற்பாடு, வடம் அறுந்து போகாதவரை. வடத்தைப் பெல்ட் ஓடும் அதே பாதையில், மின்கம்பியோடு சேர்த்தே கட்டிக்கொண்டு போயிருந்தால், பெல்ட்டில் தீப்பிடித்த முதல் சில நிமிடங்களிலேயே எல்லாம் சேர்ந்து போய்விடும். இரண்டாவது தொடர்புக் கம்பி இருக்கிறது என்று திட்டத்தில் எழுதியிருப்பார்கள். நேரில் போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே கொக்கியில் தொங்கும்.

மண்ணையும் பாறையையும் ஊடுருவும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளால் தலைவிளக்கை விட்டுவிட்டு எரியச்செய்து, இடுப்பில் உள்ள கருவியில் சிறு செய்தியையும் காட்டும் முறை ஆஸ்திரேலியாவில் உருவானது. 1998-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வில்லோ கிரீக் சுரங்கத்தில் தீப்பிடித்தபோது எல்லாரும் உயிரோடு வெளியேற இந்த முறை பெரிதும் உதவியது. அதிலும் குறை உண்டு. அந்த வகை ஒருவழிச் செய்திதான், கீழே உள்ளவர் பதில் சொல்ல முடியாது. ஆகவே எது சிறந்தது என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விவாதமே பிழை. ஒன்றின் ஓட்டை மற்றதன் ஓட்டையோடு நேர்கோட்டில் வராதபடி இரண்டு மூன்றைச் சேர்ப்பதுதான் வேலை.

ஒலிபெருக்கியில் வரும் செய்தி எந்த மொழியில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கோலார் தங்கவயலில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசியவர்கள் ஒன்றாக இறங்கினார்கள். இன்றைய ஒப்பந்தத் தொழிலாளர் குழுக்களில் மொழிகள் இன்னும் அதிகம். “பிரதான வெளியேறு மார்க்கத்தைப் பயன்படுத்தவும்” என்பது பாதிப் பேருக்கு வெறும் சத்தம். குறுகிய, எல்லாரும் ஒத்திகையில் கேட்டுப் பழகிய ஒரே சொல்லோ ஒரே ஒலிக்குறியோ போதும்.

எல்லா ஆபத்துக்கும் மணி அடிக்கும் என்று நினைப்பது

கோலாரில் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், அழுத்தம் தாங்காமல் பாறை தானே சிதறும் பாறை வெடிப்புகள் பலரைக் கொன்றன. அங்கே நில அதிர்வுக் கருவிகள் வைத்து ஆய்ந்தார்கள். 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமே அங்கேதான் தொடங்கியது. எந்தப் பகுதியில் பாறையின் அழுத்தம் ஏறியுள்ளது என்பதை அக்கருவிகள் சொல்லும். “இன்னும் பத்து நிமிடத்தில்” என்று சொல்லாது. தன்பாத் அருகே சாஸ்நாலாவில் 1975 டிசம்பர் 27 அன்று பழைய பகுதியில் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்து சுமார் 375 பேரை மூழ்கடித்தது. அத்தகைய வெள்ளத்துக்கு முன் எந்த சைரனுக்கும் நேரமில்லை. அதனால்தான் பழைய நீர் தேங்கிய பகுதிக்கு 60 மீட்டருக்குள் நெருங்க முன் அனுமதி பெறுதலும், முன்கூட்டியே துளையிட்டுப் பார்த்தலும் விதியாக உள்ளன. அலாரம் இருக்கிறது என்ற தைரியத்தில் தடுப்பைக் குறைப்பவர் அலாரத்தால் முடியாததை அதனிடம் கேட்கிறார்.

யார் எங்கே என்று தெரியாமல் கூப்பிடுவது, மேலே சொல்லத் தாமதிப்பது

தலைவிளக்கு அறையில் தன் அடையாள வில்லையை மாட்டிவிட்டு இறங்கும் வழக்கம் இன்றும் நல்ல வழக்கம்தான். இடையில் வேறு பகுதிக்கு மாற்றப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளி, பார்வையிட வந்த பொறியாளர், பழுதுபார்க்க வந்த கம்பெனி ஆள் ஆகியோர் கணக்கில் விட்டுப்போவதுதான் ஆபத்து. 1989 நவம்பரில் ராணிகஞ்ச் மகாபீர் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 71 பேர் சிக்கியபோது, மேலிருந்து துளையிட்டு, எஃகுக் கூண்டை இறக்கி 65 பேரை ஒவ்வொருவராக மீட்டார்கள். எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்ததால்தான் எங்கே துளையிடுவது என்பது தெரிந்தது.

மேற்கு வர்ஜீனியாவின் சேகோ சுரங்கத்தில் 2006 ஜனவரி 2 காலை வெடித்தபோது 13 பேர் உள்ளே மாட்டினார்கள். கூட்டாட்சி அரசின் சுரங்கப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தகவல் போகச் சுமார் இரண்டு மணி நேரம் ஆயிற்று. உள்ளே இருந்தவர்கள் சுத்தியலால் கூரைக் கம்பியைத் தட்டிச் சமிக்ஞை கொடுத்தார்கள். மேலே அதைக் கேட்கும் கருவியோடு யாரும் இல்லை. மீட்புக் குழு 41 மணி நேரம் கழித்து எட்டியபோது ஒருவர் மட்டுமே உயிரோடு இருந்தார். அந்தச் செய்திகூட வாய்க்கு வாய் மாறி, 12 பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று தேவாலயத்தில் காத்திருந்த குடும்பங்களுக்குப் போய், சில மணி நேரம் கழித்துத் திருத்தப்பட்டது. எச்சரிக்கைக்குத் தேவையான அதே ஒழுங்கு மீட்புச் செய்திக்கும் தேவை: ஒரே குரல், கேட்டவர் திருப்பிச் சொல்லி உறுதிசெய்தல். அந்த ஆண்டே வந்த அமெரிக்கச் சட்டம் 15 நிமிடத்துக்குள் அரசுக்குத் தகவல் தர வேண்டும் என்றது. நிலத்தடியில் இருப்பவரோடு கம்பியில்லாமல் இருவழியாகப் பேசவும், அவர் இருக்குமிடத்தை அறியவும் ஏற்பாடு வேண்டும் என்றது.

ஒத்திகையை நாள் குறித்து நடத்துவது

ஒத்திகை என்று ஒரு வாரம் முன்பே அறிவித்து, பகல் ஷிஃப்ட்டில், வண்டியில் ஏறி வாசலுக்கு வந்து, படம் எடுத்துக்கொண்டு பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது பல இடங்களில் வழக்கம். அதில் எதுவும் சோதிக்கப்படுவதில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து வேறு வழியை எடுத்தது. 1994 ஆகஸ்ட் 7 இரவு மோரா 2-ஆம் எண் சுரங்கத்தில் 11 பேர் இறந்தார்கள். நிலக்கரி தானே சூடேறுவதற்கான அறிகுறிகள் முன்பே தெரிந்திருந்தும், அன்றிரவு இறங்கியவர்களுக்கு அந்த ஆபத்து முழுதாகச் சொல்லப்படவில்லை. அதன் விசாரணைக்குப் பின் 1998 முதல் அந்த மாநிலத்தில் ஆண்டுதோறும் ஒரு சுரங்கத்தில், தொழிலாளர்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமல், பெரிய அளவில் ஒத்திகை நடத்தி, கண்ட குறைகளை அறிக்கையாக வெளியிடுகிறார்கள். குறை வெளியே தெரிந்தால் அவமானம் என்று நினைக்காமல் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். மற்றச் சுரங்கங்கள் படித்துத் திருந்துகின்றன. நம் நாட்டிலும் இப்படி வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஒத்திகையில் மூச்சுக்கருவியை உண்மையிலேயே வாயில் வைத்து நடக்கச்செய்ய வேண்டும். வடிகட்டும் வகைக் கருவி கார்பன் மோனாக்சைடை மாற்றும்போது சூடாகும். இழுக்கும் காற்று வாயைச் சுடும். அது கருவி வேலை செய்வதன் அடையாளம். தெரியாதவர் கெட்டுப்போய்விட்டது என்று பிடுங்கி எறிவார், எறிந்தால் சில நிமிடங்களில் விழுவார். அதேபோல் அந்த வகை ஆக்சிஜன் குறைந்த காற்றில் உதவாது. அங்கே தன்னிடமே ஆக்சிஜன் உள்ள கருவிதான் வேண்டும். எந்த வகை தன் இடுப்பில் தொங்குகிறது என்று கேட்டால் ஒவ்வொரு தொழிலாளியும் தயங்காமல் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் பயிற்சி தந்தவரைக் கேட்க வேண்டும், அவரை அல்ல.

வழிகாட்டும் கயிற்றையும் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சுரங்கங்களில் தப்பும் வழி நெடுக, 30 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் கூம்புகள் கோத்த கயிறு ஓடும். கூம்பின் குறுகிய முனை உள்நோக்கி இருக்கும். வாசலை நோக்கிப் போகிறவர் கை அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். எதிர்த்திசையில் திரும்பிவிட்டால் கை கூம்பின் அகன்ற விளிம்பில் முட்டி நிற்கும். புகையில் கண் தெரியாதபோது அது ஒன்றே திசைகாட்டி. கயிற்றை மாற்றிக் கட்டும்போது ஒரு கூம்பு தலைகீழாகக் கோக்கப்பட்டிருக்கிறதா என்பதை, ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கையால் தடவி நடந்தே பார்க்க வேண்டும்.